பழகுவதற்காக நான் போட்ட கேள்வி

போன கிழமை டிலானி வீட்டுக்கு வந்திருந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு அலுவலகத்தில் என் நாற்காலிக்கு வந்த பிள்ளை. லப்டொப்பைத் திறந்து இரண்டு வரி தட்டினாள். நான் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வருவதற்குள் ஒரு முழு இணையத்தளம் திரையில் வந்து நின்றது. எழுதியது செயற்கை நுண்ணறிவாம்.

"மிஸ், இதெல்லாம் கையாலயா எழுதின நீங்க?" என்று கேட்டாள். உரலில் நெல் குத்திச் சாப்பிட்டவளைப் பார்ப்பதுபோல ஒரு பரிதாபம் அந்தக் குரலில்.

"ஓம் புள்ள, கையாலதான். ஒவ்வொரு இடைவெளியும் பாத்துப் பாத்து."

"அப்ப எப்பிடிப் பழகின எண்டு எழுதித் தாங்களன்."

எழுதுகிறேன். ஆனால் அந்தக் காலம் போல வருமா என்று மூக்கைச் சிந்துவதற்காக அல்ல. அவளுடைய திரையைப் பார்த்து நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் இருந்தேன். எதைக் கண்டாலும் வாயைப் பிளப்பது என் பிறவிக் குணம். "இவவுக்குக் கரண்ட் வந்தாலும் அதிசயம்தான்" என்று என் கணவர் இன்றைக்கும் சொல்வார்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொழும்பில் ஒரு டிப்ளோமா, பிறகு மட்டக்களப்பில் வேலை. பொக்ஸ்புரோ, விஷுவல் பேசிக் என்று அந்தந்தக் காலத்துக்கு எந்தக் கணினி மொழி வந்ததோ அதில் எழுதினேன். எங்களுடையது வாவியின் நீர்மட்டத்தைக் கவனிக்கிற ஒரு சின்ன அலுவலகம். பல இடங்களில் நட்டிருக்கும் அளவுகோல்களைப் பார்த்து ஆட்கள் சொல்லும் அளவுகள் எங்களிடம் வரும். அவற்றைச் சேர்த்து வைக்கும் கணினி நிரல்களை எழுதுவது என் வேலை. நான் எழுதிய நிரல்களை என்னையும் இன்னும் சில பேரையும் தவிர வேறு யாரும் கண்ணால் கண்டது கிடையாது.

வாவியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். கடலோடு அது சேரும் வாயை மண் மூடிக்கொள்ளும். மாரியில் தண்ணீர் ஏறும்போது அந்த மண்ணை வெட்டித் திறந்துவிட வேண்டும். இதற்குப் பெயர் ஆற்றுவாய் வெட்டுவது. வெட்டாவிட்டால் கரையோர வயல் வட்டைகளில் இளம் பயிர் தண்ணீருக்குள் கிடந்து அழுகும். அவசரப்பட்டு வெட்டினால் வாவியில் வளர்ந்த இறாலும் மீனும் தண்ணீரோடு கடலுக்குப் போய்விடும். ஆகவே ஒவ்வொரு மாரியிலும் விவசாயிகள் சங்கம் "வெட்டு" என்று நிற்கும், மீனவர் சங்கம் "பொறு" என்று நிற்கும். இரண்டு பக்கமும் மேசையில் அடித்துப் பேசும் கூட்டங்களுக்கு அளவுகளை அச்செடுத்துக் கொடுத்தே என் தலை நரைத்தது.

ஓய்வுக்குச் சில வருடம் இருக்கும்போது நஸீர் சேர் எங்களுக்குப் பொறுப்பாக வந்தார். காத்தான்குடிக்காரர், பொறியியலாளர், என்னைவிட வயதில் நன்றாகக் குறைந்தவர். வந்த புதிதிலேயே என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ், இந்த அளவெல்லாம் நம்மட பொட்டிக்குள்ளயே கிடக்கு. சனத்துக்குப் போன்ல வரோணும். பைதன்ல ஜாங்கோ எண்டு ஒண்டு இருக்கு, இணையத்தளம் கட்டுறதுக்கு. நீங்க அதப் படிங்க."

"சேர், நான் இன்னும் கொஞ்ச நாளில பென்ஷன் போற ஆள்."

"அதான் சொல்லுறன். போக முதல் கட்டித் தந்திட்டுப் போங்க."

நிரல் எழுதத் தெரிந்த மற்றப் பிள்ளைகள் எல்லோரும் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். நான்தான் மிச்சம். எனவே படித்தேன்.

பைதன் என்னை முதலில் அழவைத்தது இடைவெளியால். நான் பழகிய மொழிகளில் வரியை எங்கே தொடங்கினாலும் கணினி கவலைப்படாது. இதில் ஒரு வரி சற்று உள்ளே தள்ளியிருக்க வேண்டுமென்றால் தள்ளியே இருக்க வேண்டும். ஒரு இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் சிவப்பு எழுத்தில் ஏசும். குடியிருக்க வந்த வீட்டில் செருப்பை எங்கே கழற்ற வேண்டும் என்று தெரியாமல் திட்டு வாங்குகிற மருமகள் மாதிரி இருந்தேன். ஆனால் ஏசுவதிலும் ஒரு நேர்மை இருந்தது. எந்தக் கோப்பில், எந்த வரியில் பிழை என்று விரலை வைத்துக் காட்டும். என் பழைய கருவிகள் ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ரகம்.

பிறகு ஜாங்கோவை ஏற்றினேன். ஒரு கட்டளை தட்டியதும் திரையில் ஒரு றொக்கட் படம் வந்து, எல்லாம் சரியாக அமைந்துவிட்டது என்றது. நான் இன்னும் ஒன்றுமே செய்யவில்லை. அதற்கே வாழ்த்து! அதன்பின் ஜாங்கோவின் இணையப் பாடத்தில் சொன்னபடி, என்னென்ன விபரம் வைக்கப் போகிறேன் என்பதைச் சில வரிகளில் எழுதினேன். அதை ஜாங்கோவே தருகிற நிர்வாகப் பக்கத்தில் பதியச் சொல்லி இன்னொரு வரி எழுதினேன். பக்கத்தைத் திறந்தால், சேர்ப்பதற்கு ஒரு படிவம், திருத்துவதற்கு ஒன்று, தேடுவதற்குப் பெட்டி, அழிக்கப் போனால் "நிச்சயமாகவா?" என்று கேட்கும் எச்சரிக்கை. எல்லாம் தயாராக இருந்தது. அந்தப் படிவங்களை எழுதுவதுதான் என் வாழ்நாள் வேலையாக இருந்தது! ஒரு பெட்டியை நேராக வைப்பதற்கே அரை நாள் மல்லுக்கட்டியவள் நான். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். பிறகு அமைப்புக் கோப்பில் மொழி என்ற இடத்தில் தமிழுக்குரிய இரண்டு எழுத்தைப் போட்டேன். சேர்க்க, நீக்குக, சேமிக்க என்று பக்கம் தமிழ் பேசத் தொடங்கியது. பாதி இடங்களில் ஆங்கிலம் எட்டிப்பார்த்தது உண்மைதான். ஆனாலும் எங்கேயோ இருக்கும் முகம் தெரியாத ஒருவர், யாரும் கேட்காமலே உட்கார்ந்து இவ்வளவையும் தமிழாக்கி வைத்திருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கப்படாமல் சொல்கிறேன்.

ஜாங்கோ படிக்கிற உலகத்தார் எல்லோரும் பழகுவதற்கு ஒரே வீட்டைத்தான் கட்டுகிறார்கள். அது ஒரு வாக்கெடுப்புப் பக்கம். மேலே ஒரு கேள்வி, கீழே தெரிவுகள், ஒன்றை விரலால் அமர்த்தி அனுப்பினால் எதற்கு எத்தனை வாக்கு என்று காட்டும். பாடத்தில் இருந்த கேள்வி எனக்குச் சப்பென்றிருந்தது. வெளியே அடைமழை. வாவி ஏறிக்கொண்டிருந்தது. நான் விளையாட்டாக "ஆற்றுவாயை இப்போது வெட்டுவதா?" என்று போட்டு, "வெட்டு", "பொறு" என்று இரண்டு தெரிவுகள் வைத்தேன். ஒரு போனிலிருந்து ஒருமுறைதான் அனுப்பலாம் என்று பாடத்தில் இல்லாத ஒரு கட்டுப்பாட்டையும் என் கெட்டித்தனத்தில் சேர்த்தேன்.

நஸீர் சேரின் பழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். நான் செய்த எதையும் அவர் என் கணினியில் பார்க்கமாட்டார். திரையைத் திருப்பிக் காட்டினால் கையை உயர்த்தித் தடுத்துவிடுவார். அவரிடம் ஒரு பழைய போன் இருந்தது, கண்ணாடியில் குறுக்கே வெடிப்பு. அதை எடுத்துக்கொண்டு படலைக்கு வெளியே வாவிக்கரைக்குப் போவார். அலுவலக வைஃபை எட்டாத இடம். அங்கே கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். "வருது" என்றால் நல்லது. "வரல்ல" என்றால் நான் திரும்பப் போய்ப் படங்களைக் குறைக்க வேண்டும். வந்த பிறகு பக்கத்தில் உள்ள தமிழைச் சத்தம் போட்டு வாசிப்பார். நான் பொத்தானில் "சமர்ப்பிக்க" என்று எழுதியிருந்தேன். "ஆரு மிஸ் சமர்ப்பிக்கிற? கோயிலுக்கா? அனுப்பு எண்டு போடுங்க" என்றார். கடைசியில் எப்போதும் ஒரே கேள்வி: "இது ஆருக்கு?"

அன்றைக்கும் கேட்டார்.

"ஆருக்கும் இல்ல சேர். பழகத்தான்."

வாவிக்கரையில் அவருக்கு வர வேண்டும் என்பதற்காகப் பக்கத்தை வெளியிலிருந்து பார்க்கக்கூடிய சேர்வரில் ஏற்றியிருந்தேன். முகவரியை அலுவலக வட்ஸ்அப் குழுவில் அவருக்காகப் போட்டேன். எங்கள் எழுதுவினைஞர் குகன் படுவான்கரைக்காரர், வாவிக்கு மேற்கே வயல் உள்ளவர். அவர் அதைப் பார்த்தார். அலுவலகம் சனத்திடம் கேட்கிறது என்று நினைத்து, நல்ல மனதோடு தன் ஊர்க் குழுவுக்கு அனுப்பிவிட்டார்.

அடுத்த நாள் காலை நான் குடையை மடக்க முதல் தொலைபேசி அடித்தது.

"நாங்க வெட்டு எண்டு போட்டிட்டம். எப்ப வெட்டுறீங்க?"

அதை வைக்க, அடுத்தது. பிறகு மழையில் நனைந்தபடி மோட்டார் சைக்கிளில் மீனவர் சங்கத் தலைவர் அந்தோனி அண்ணன் வந்து இறங்கினார்.

"மிஸ், எங்கட ஆக்களுக்கு இப்பதான் லிங்க் வந்தது. நாங்க போட முதல் மூடிராதீங்க, சொல்லிப்போட்டன்."

ஆற்றுவாயை வெட்டுவதா என்று முடிவு செய்கிற மாவட்டக் கூட்டம் மறுநாள். என் பயிற்சிப் பாடத்தில் ஊரே ஏறி நிற்கிறது. பக்கத்தை இறக்கிவிடவா என்று நஸீர் சேரிடம் ஓடினேன். அவர் வெடித்த போனில் எண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூடாதீங்க. கேட்டுப்போட்டு வாயப் பொத்தினா சனம் நம்மள என்னெண்டு நினைக்கும்? பழக்கம்தான், முடிவு கூட்டத்திலதான் எண்டு மேல எழுதுங்க. கீழ ஒரு பெட்டி வைங்க. ஏன் எண்டு கேளுங்க."

சொல்வது சுலபம். ஓடிக்கொண்டிருக்கும் பஸ்ஸில் இன்னொரு கதவு வெட்டுகிற வேலை அது. என் பழைய காலத்தில் ஒரு புது விபரப் பெட்டி சேர்க்க வேண்டும் என்றால் எல்லோரையும் நிறுத்தச் சொல்லி, எல்லாவற்றையும் பிரதியெடுத்து, பழையதிலிருந்து புதியதுக்கு மாற்றி, ஏதாவது தொலைந்ததா என்று ஒவ்வொன்றாகத் தேடுவோம். இங்கே புதுப் பெட்டிக்கு ஒரு வரி எழுதினேன். என்ன மாறியிருக்கிறது என்று நீயே பார் என்று ஜாங்கோவிடம் ஒரு கட்டளை கொடுத்தேன். அது பார்த்து, செய்ய வேண்டியதைத் தானே எழுதித் தந்தது. அதை முதலில் என் கணினியில் இருந்த நகலில் ஓட்டினேன். பிறகு சேர்வரில் ஓட்டுவதற்கு விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். குகன் பக்கத்தில் நின்று பிள்ளையாரைக் கூப்பிட்டார். அமர்த்தினேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்தது. பெட்டி வந்திருந்தது, போட்ட வாக்குகள் அப்படியே இருந்தன. ஒரே நொடியில் இருவர் அமர்த்தினால் ஒருவருடைய வாக்கு தொலையலாம், ஆகவே கூட்டுகிற வேலையைத் தரவுத்தளத்திடமே விடு என்று பாடம் ஓரிடத்தில் சொல்லியிருந்தது. ஏன் என்று விளங்காமலே அப்படி எழுதியிருந்தேன். முன்பின் தெரியாத எனக்காக எங்கேயோ ஒருவர் அதையும் யோசித்து வைத்திருந்தார். நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன், திரைக்கு முன்னாலேயே.

பெட்டிக்குள் சனம் பேசத் தொடங்கியது. "வட்டைக்குள்ள பயிர் தெரியல்ல. கடலா வயலா எண்டு விளங்குதில்ல." "இப்பதான் இறால் வலையில படுகுது. கொஞ்சம் பொறுத்தா என்ன?" தமிழில், ஆங்கில எழுத்தில் தமிழாக, வெறும் அழுகை முகமாக என்று வந்துகொண்டே இருந்தது. மத்தியானம் ஒரு தொலைபேசி வந்தது.

"ஹலோ, ஆத்துவாய்க் கேள்வி கேட்ட ஒபிசா? நான் யோகேஸ்வரி, படுவான்கரையில இருந்து பேசுறன். வெட்டு எண்டத அமத்திட்டன். இப்ப பொறு எண்டதயும் அமத்தப் போனா விடுதில்ல."

"ஒரு ஆளுக்கு ஒரு மறுமொழிதான் அக்கா."

"அதாரு சொன்ன?"

நான்தான் சொன்னேன். பாடத்தில்கூட இல்லாத கட்டுப்பாடு அது.

"இஞ்ச பாருங்க மிஸ். என்ட சீதன வயல் தண்ணிக்குள்ள கிடக்கு. பயிர்ட நுனிதான் தெரியுது. இன்னும் ரெண்டு மூணு நாள் இப்பிடிக் கிடந்தா அழுகிரும். என்ட மனிசன் ஆத்துல இறாலுக்கு வலை போட்டிருக்கார். உடன வெட்டினா அதுவும் போயிரும். வயலும் எங்கட, தோணியும் எங்கட. நான் எத அமத்துற? நீங்களே சொல்லுங்க பாப்பம்."

"நாளைக்குக் கூட்டத்துக்கு உங்கட வீட்டில ஆரும் வாறாங்களா?"

"அவர் போவார், மீனவர் சங்கத்தில. அங்க போய் பொஞ்சாதிட வயலப் பத்திக் கதைக்க ஏலுமா? சிரிப்பாங்க."

தொலைபேசியை வைத்தேன். எங்கள் பக்கத்தில் வயலும் வீடும் பெண்ணுக்குத்தான் சீதனமாகப் போகும். என் வீடும் என் அம்மா வழி வந்ததுதான். எத்தனையோ மீனவர் வீடுகளில் தோணி ஆணுடையது, வயல் பெண்ணுடையது. சங்கத்துக்கு வீட்டுக்கு ஒருவர். கூட்டத்தில் வந்து பேசுவது வீட்டின் பாதிதான். இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயமா? பிறந்ததிலிருந்து தெரியும். அந்தக் கூட்டங்களுக்கு அத்தனை வருடம் அளவுகள் கொடுத்தேன், ஒரு நாளும் இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில்லை.

நஸீர் சேரிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார்.

"என்ட உம்மாவுக்கும் வயல் இருந்த மிஸ். வாப்பா மீன் யாவாரம்." வெடித்த போனை எடுத்துப் பார்த்துவிட்டு, "மூணாவது ஒண்டு போட ஏலுமா?" என்றார்.

ஒரு வரி நிரல்கூடத் தேவைப்படவில்லை. நிர்வாகப் பக்கத்துக்குப் போய், அதே கேள்வியைப் புதிதாகத் திறந்து மூன்று தெரிவுகள் வைத்தேன். வெட்டு. பொறு. ரெண்டும் வேணும். முதல் கேள்விக்குப் போட்டவர்களும் இதற்கு மறுபடி போடலாம். குகன் தன் குழுவுக்கு அனுப்பினார், அந்தோனி அண்ணன் தன் குழுவுக்கு அனுப்பினார். நான் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

அந்தப் பின்னேரத்தை நான் மறக்கமாட்டேன். முதலில் வாக்குகளைக் காட்டும் மூன்று கோடுகளும் ஒன்றாக வளர்ந்தன. பிறகு மூன்றாவது கோடு தனியாகப் போகத் தொடங்கியது. நான் பக்கத்தைப் புதுப்பிக்கப் புதுப்பிக்க அது நீண்டுகொண்டே போனது. எந்தெந்த அடுப்படியில், எந்தெந்த வரம்பில் நின்று யார் யார் அமர்த்துகிறார்கள் என்று நினைக்க எனக்குப் புல்லரித்தது. வாவியின் இரண்டு கரையும் அந்தச் சின்னப் பக்கத்துக்குள் வந்து பேசிக்கொண்டிருந்தது.

மறுநாள் கூட்டத்துக்கு லப்டொப்போடு நானும் போனேன். வழக்கம்போல விவசாயிகள் யன்னல் பக்கம், மீனவர்கள் வாசல் பக்கம். இரண்டு பக்கமும் தொண்டையைச் செருமித் தயாராக இருந்தார்கள். நஸீர் சேர், இது பழகுவதற்குச் செய்த பக்கம், ஒருவர் இரண்டு போனில் போட்டிருந்தாலும் தெரியாது, ஆகவே இது தீர்ப்பு அல்ல என்று முதலிலேயே சொன்னார். பிறகு சுவரில் காட்டினார். மூன்றாவது கோடு மற்ற இரண்டையும் சேர்த்து வைத்தாலும் எட்டாத நீளத்தில் இருந்தது. சனம் எழுதிய சிலவற்றை, பெயரில்லாமல், அவருக்கே உரிய விதத்தில் சத்தமாக வாசித்தார். யோகேஸ்வரி என்னிடம் சொன்னதை நான் எழுதிக் கொடுத்திருந்தேன், அதையும் வாசித்தார். வாசல் பக்கம் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தோனி அண்ணன்தான் எழும்பினார்.

"நான் இஞ்ச வந்து பொறு எண்டு கத்துவன். வீட்ட போனா என்ட ஆள் வெட்டு எண்டு என்னோட கத்துவா. ரெண்டு கதையையும் ஒரு இடத்தில வச்சு ஒரு நாளும் கதைக்கல்ல."

யன்னல் பக்கம்தான் முதலில் சிரித்தது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும், நான் அங்கே அதுவரை கேட்டிராத ஒரு பேச்சுத் தொடங்கியது. பயிர் எத்தனை நாள் தாங்கும் என்று மீனவர்கள் கேட்டார்கள். வலையை இழுத்து எடுக்க எவ்வளவு நேரம் வேண்டும் என்று விவசாயிகள் கேட்டார்கள். சண்டை இல்லாமல் இல்லை. ஆனால் மேசையில் யாரும் அடிக்கவில்லை. அன்றைக்கும் அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும் வாவியில் எல்லாத் தோணிகளும் இறங்கிப் பிடிக்கிறதைப் பிடிக்கட்டும், பின்னேரம் வெட்டுவது என்று முடிவானது. நீர்மட்டம் அதுவரை தாங்கும் என்று என் பழைய அளவுகளைப் பார்த்துச் சொன்னார்கள்.

வெட்டும்போது நான் முகத்துவாரத்தில் நின்றேன். மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் மண்ணில் ஒரு ஒடுங்கிய வாய்க்காலைத்தான் கீறியது. மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொண்டது. இரண்டு பக்க மண்ணையும் பாளம் பாளமாக இடித்துத் தன் வழியைத் தானே அகலமாக்கிக்கொண்டு, காலடி அதிர, வாவி கடலுக்குள் இறங்கியது. பக்கத்தில் நின்ற நஸீர் சேர் "சுப்ஹானல்லாஹ்" என்றார்.

தண்ணீர் வடிந்த பிறகு குகன் தன் வயலைப் பார்க்கப் போனார். நானும் அவரோடு படுவான்கரைக்குப் போனேன். யோகேஸ்வரியைப் பார்க்க வேண்டும், என்ன ஆனது என்று தெரிய வேண்டும். விசாரித்துக்கொண்டு போனோம். முழங்கால் சேற்றில் ஒரு பெண் குனிந்து நின்று, பயிரில் சுற்றியிருந்த பாசியை விலக்கிக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். பள்ளத்துப் பக்கம் ஒரு துண்டு மஞ்சளாகிப் படுத்துவிட்டது. மற்றதெல்லாம் சேறு பூசிக்கொண்டு, தலை சாய்ந்து, ஆனாலும் நின்றது.

நான் யார் என்று குகன் சொன்னார். அவள் நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அந்தத் துண்டு போயிற்று மிஸ். இறாலும் நினைச்ச அளவுக்கு வரல்ல." புறங்கையால் நெற்றியைத் துடைத்தாள். "ஆனா ரெண்டுலயும் மிச்சம் இருக்கு."

நான் அது பயிற்சிப் பாடம் என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கேயோ யாரோ கட்டி வைத்ததில் கேள்வியை மட்டும் மாற்றியவள் நான் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவள் வரம்புக்கு அப்பால் வலை உலர்த்திக்கொண்டிருந்த கணவரைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"இஞ்ச வாங்க! ரெண்டும் வேணும் எண்டு போட்ட மிஸ் வந்திருக்கா!"

முப்பது வருடத்துக்கு மேல் நிரல் எழுதினேன். இன்ன நிரலை எழுதியவள் என்று என்னை ஒருவர் கூப்பிட்டது அன்றுதான். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நான் வரம்பில் இறங்கினேன்.